பார்த்த பின்னும் வலப்பக்கம்

மார்ச் பதினான்காம் தேதி, சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தொடங்கிய ஆட்டத்தில், பேருந்துப் பணிமனையின் பெண்கள் ஹாக்கி அணி ஒன்றுக்கு மூன்று என்ற கோல் கணக்கில் தோற்றது. முந்தைய இரண்டு வெற்றிகளின் பலனாகப் பிரிவில் இரண்டாம் இடம் கிடைத்ததால், அணி அரையிறுதிக்குத் தகுதி பெற்றது. அரையிறுதி திங்கட்கிழமை. யார் யார் ஆடப்போகிறார்கள் என்ற பட்டியலை ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் எழுத்தில் தர வேண்டும் என்பது அமைப்பாளர்களின் விதி. இனி வருபவை அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தவை.

சென்ற வாரம் வரையிலான செய்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பணிமனையின் உதிரிபாகக் கிடங்குக்குப் பொறுப்பாளரும் முன்னாள் கோல்கீப்பருமான அத்தை, ஆறு வாரங்களுக்கு முன் அணியின் பயிற்சியாளரானார். அவருடைய அண்ணன் மகள்கள் இருவரும் அந்த அணியில் ஆடுகிறார்கள். முப்பது வயதான பெரியவள் பணிமனையில் வண்டிகளை நேரம் பார்த்து அனுப்பும் நேரக் காப்பாளர், களத்தில் நடுவில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுக்கும் சென்டர் ஹாஃப், அணித்தலைவி. இருபத்திரண்டு வயதான சின்னவள் பணிமனையில் மெக்கானிக். முன்களத்தில் வலது ஓரம், அதாவது வலது விங். தேசியப் பயிற்சி முகாமில் முன்கள வீராங்கனைக்கு ஓர் இடம் மீதி இருக்கிறது. அதற்கு ஆள் பார்க்க, திங்கட்கிழமை ஆட்டத்திற்குத் தேர்வாளர் ஒருவர் வருகிறார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அத்தை கிடங்கைத் திறந்தார். ரப்பர் நெடியும் கிரீஸ் நெடியும் கலந்து மூக்கில் ஏறின. பிரேக் லைனிங் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே மடிக்கணினியை வைத்து, முந்தைய நாள் ஆட்டத்தின் படத்தை ஓடவிட்டார். பக்கத்தில் அவருடைய அண்ணன், வலது மணிக்கட்டில் கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். அணியின் ஒவ்வோர் ஆட்டத்தையும் அவர்தான் படம்பிடிப்பார். கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு, பந்து போகும் இடமெல்லாம் துரத்துவது அவர் வழக்கம். வெள்ளிக்கிழமை மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டதால், சனிக்கிழமை கேமராவை முக்காலியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஆகவே முதன்முறையாக, பந்து மட்டுமல்லாமல் களம் முழுவதும் படத்தில் பதிந்திருந்தது.

அத்தை பதினோராவது நிமிடத்தில் படத்தை நிறுத்தினார். பின்னோக்கி ஓட்டினார். மறுபடி பார்த்தார்.

"அண்ணே, இதப் பாருங்க."

"என்னம்மா?"

"பந்து இன்னும் இவகிட்ட வரல. தலை எங்க திரும்புது?"

அண்ணன் திரைக்குப் பக்கமாகக் குனிந்தார்.

பெரியவளின் தலை இடது தோளுக்கு மேலாகத் திரும்பியது. பின் வலது தோளுக்கு மேலாகத் திரும்பியது. அதன் பிறகே பந்து அவள் மட்டையைத் தொட்டது. பாடப்புத்தகத்தில் போடத் தகுந்த அசைவு அது. இடது ஓரத்தில் ஒருத்தி ஆளே இல்லாத இருபது கஜ வெளியில் மட்டையைத் தரையில் வைத்துத் தயாராக நின்றாள். வலது ஓரத்தில் சின்னவளைச் சுற்றி எதிரணியினர் மூவர் நின்றனர். பெரியவள் இரண்டையும் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பந்தை வலப்பக்கம் அடித்தாள். மூவரில் ஒருத்தி அதைப் பறித்தாள். ஒன்பது விநாடிகளில் கோல் விழுந்தது.

அத்தை ஒரு தாளை எடுத்துக் கோடு கிழித்தார். ஒன்றரை மணி நேரம் படத்தை நிறுத்தி நிறுத்திக் குறித்தார். பெரியவளிடம் பந்து வந்தது நாற்பத்தொரு முறை. வருமுன் அவள் திரும்பிப் பார்த்தது முப்பத்தாறு முறை. இடது ஓரம் திறந்து கிடந்தது இருபத்திரண்டு முறை. பந்து அங்கே போனது மூன்று முறை.

அத்தைக்கு வாய் கசந்தது. ஆறு வாரங்களாக அவர் தொண்டை வற்ற ஒரே பாடத்தைத்தான் கத்தியிருக்கிறார்: பந்து வருமுன் பார், எங்கே ஆள் குறைவோ அங்கே அனுப்பு, கூட்டம் ஒரு பக்கம் சேர்ந்தால் மறுபக்கம் மாற்று. பெரியவள் தலையைக் குனிந்து "சரி அத்தை" என்று கேட்டுக்கொண்டாள். பார்க்கத் தெரியாதவள் என்று நினைத்து, பார்க்கத் தெரிந்தவளுக்கு ஆறு வாரம் பாடம் நடத்தியாயிற்று.

"உங்களுக்குத் தெரியும்" என்றார் அத்தை.

அண்ணன் கட்டுப்போட்ட கையைத் தடவினார். "ஒரு மாசமா தெரியும். கேமரால பார்க்கும்போதே பட்டுச்சு."

"சொல்லல."

"என்னன்னு சொல்ல? அவ வீட்டுக்காக ஆடுறா. தங்கச்சி மேல வரட்டும்னு நினைக்கிறா. அதுல என்னம்மா தப்பு?"

"வீட்டுக்காகவா? மைதானத்துல வீடு எங்கண்ணே இருக்கு? சமையலறை எந்தப் பக்கம்?"

"கோபப்படாத. நாளைக்கு ஒரு நாள். தேர்வாளர் வந்து பார்த்துட்டுப் போகட்டும். அப்புறம் நீ என்ன வேணா பண்ணு."

"அதே தேர்வாளர் இந்தப் படத்தையும் கேட்டிருக்கார்."

"வெட்டிக் குடுத்துடலாம். சின்னது ஆடுன இடம் மட்டும் போதும்னு சொல்லிடலாம்."

அத்தை எழுந்து சன்னலைத் திறந்தார். ஒரே இரத்தம், ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர். அந்த அண்ணனின் பேச்சு இன்று பழைய எஞ்சின் எண்ணெயைத் தொட்டதுபோல விரலில் ஒட்டியது.

ஒன்பதரை மணிக்குக் கிடங்கின் கம்பித் தடுப்புக்கு வெளியே ஒருத்தி வந்து நின்றாள். இடது விங் ஆடும் நடத்துநர் அவள். பேருந்தில் விசில் ஊதுபவள் களத்திலும் வாயால் விசிலடிப்பதால், அவளை எல்லோரும் விசில் என்றே அழைப்பார்கள். வயது இருபத்து நான்கு. முகாமுக்கான வயது வரம்பை அடுத்த ஆண்டு அவள் தாண்டிவிடுவாள். கையில், துவைத்து மடித்த அணிச் சட்டை இருந்தது.

"இத வச்சுக்கோங்க அத்தை."

"எதுக்கு?"

"நான் அங்க ஓரத்துல காத்து வாங்கத்தான் ஓடுறேன்னா, அதுக்கு நம்பர் போட்ட சட்டை எதுக்கு? காத்து வாங்க சாதாரண சட்டையே போதும்."

"உள்ள வந்து உட்காரு."

"பத்து மணிக்கு டூட்டி. நேத்து எத்தன தடவ கை தூக்குனேன் தெரியுமா? பஸ்ல கூட அத்தன தடவ 'உள்ள போங்க'ன்னு சொன்னதில்ல."

"இருபத்திரண்டு தடவ நீ தனியா இருந்த. மூணு தடவ பந்து வந்துச்சு."

யாரோ அதை எண்ணியிருக்கிறார்கள் என்பதே விசிலுக்குப் புதிய செய்தி. அவள் கண் கலங்கவில்லை. மூக்கு மட்டும் சிவந்தது.

"அக்கா கண்ணுல நான் படலன்னு நினைச்சேன்" என்றாள் மெதுவாக. "நான்தான் தப்பான இடத்துல நிக்கிறேனோன்னு, ராத்திரியெல்லாம் சோத்துத் தட்டுல கோடு போட்டுப் பார்த்திருக்கேன்."

"நீ சரியான இடத்துலதான் நின்ன."

அவள் சட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

பதினொரு மணிக்கு அத்தை நேர அலுவலகத்திற்குச் சென்றார். பணிமனை வாசலை ஒட்டிய கண்ணாடி அறை அது. உள்ளே பெரியவள் நின்றபடியே வேலை செய்துகொண்டிருந்தாள். சன்னலுக்கு வெளியே ஓட்டுநர்கள் வரிசையில் நின்றார்கள்.

"பதினேழாம் நம்பர் வண்டி பஞ்சர், மேடம்."

"ஒன்பது எங்க நிக்குது?"

"டீசல் பங்க்ல."

"அத எடுத்துக்கிட்டுப் போங்க. ஒன்பதோட டிரைவர் பதினொண்ணே காலுக்குத்தான் கிளம்பணும். அதுக்குள்ள ஆறு உள்ள வந்துரும், அவர் ஆறுல போகட்டும். பாலத்துப் பக்கம் போகாதீங்க, நெரிசல். சுத்திப் போங்க."

அவள் எந்தப் பலகையையும் பார்க்கவில்லை. நாற்பது வண்டிகள் எங்கே நிற்கின்றன, எந்தச் சாலை அடைத்திருக்கிறது, எது திறந்திருக்கிறது என்பவையெல்லாம் அவள் தலைக்குள் நகர்ந்துகொண்டிருந்தன. இந்த அறைக்குள் ஒரு முறை வந்து நின்றிருந்தால், இவளைப் பார்வையில்லாதவள் என்று ஆறு வாரம் நினைத்திருக்க வேண்டியதில்லை. அத்தைக்குத் தம்மீதும் வெறுப்பு வந்தது.

வரிசை கலைந்ததும் அவர் தாளை மேசைமேல் வைத்தார். பெரியவள் அதைப் படித்தாள். கடைசி எண்ணில் அவள் பார்வை நின்றது.

"பார்த்தியா, இல்லையா?" என்றார் அத்தை.

"பார்த்தேன்."

"ஒவ்வொரு தடவயும்?"

"ஒவ்வொரு தடவயும்."

"தலையைத் தூக்கு, தலையைத் தூக்குன்னு நாய் மாதிரி குலைச்சேனே. ஏன் பேசாம வாங்கிக்கிட்ட?"

பெரியவள் நிமிர்ந்தாள். "பார்க்கத் தெரியலன்னு நீங்க நினைச்சா, நல்லதுதானேன்னு விட்டுட்டேன்."

குறையை ஒருவர் மறைப்பது உண்டு. இவள் ஒரு குறையைப் போர்வையாகப் போட்டுக்கொண்டு, அதன் அடியில் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறாள்.

"வலது பக்கம்தான் மட்டைக்கு வசதி, அத்தை. எல்லா அணியும் அங்கதான் ஏறும்."

"அதனாலதான் எல்லா அணியும் அங்க காவல் போடும். எனக்கே பாடம் எடுக்காத. காரணத்தைச் சொல்லு."

பெரியவள் ஒரு வண்டிக்குக் கையசைத்து அனுப்பினாள். பிறகு சொன்னாள். "அப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு. நானும் முன்களத்துல ஆடுனேன். அப்ப இருந்த சென்டர் ஹாஃப் எனக்குப் பந்தே போடமாட்டா. முகாம்ல இருந்து கடுதாசி வந்துச்சு, 'ஆட்டத்தில் பங்கேற்பு குறைவு'ன்னு. பந்து வந்தாத்தானே பங்கேற்க? சின்னதுக்கு அப்படி ஆகக்கூடாதுன்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? உனக்கு ஒருத்தி பண்ணத, அச்சு மாறாம நீ விசிலுக்குப் பண்ணியிருக்க. உனக்கு அவ யாருன்னு தெரியும். அந்தக் கடுதாசி எப்படி இருக்கும்னும் தெரியும். தெரிஞ்சே பண்ணியிருக்க."

எட்டு ஆண்டுகளாகத் தன்னைப் பாதிக்கப்பட்டவளாக மட்டுமே நினைத்துப் பழகிய பெரியவளுக்கு, மறுபக்கத்து நாற்காலியில் தான் உட்கார்ந்திருப்பது அந்த நொடியில்தான் உறைத்தது.

அறையின் பின்கதவு அதிர்ந்தது. சின்னவள் நின்றிருந்தாள். வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யும் குழியிலிருந்து நேராக வந்தவள், முழங்கைவரை கருப்பு. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று யாருக்கும் தெரியாது. வேண்டிய அளவு கேட்டுவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"போன மாசம் மூணு கோல் போட்டேனே" என்றாள். "அதுவும் இப்படித்தானா?"

"இல்லடி. அது நீ போட்டது."

"எப்படி நம்புறது?"

"பாப்பா..."

"பாப்பாங்காத! வாந்தி வருது. நான் உன்கிட்ட கேட்டேனா? ஊட்டிவிடுன்னு கேட்டேனா? இப்ப எனக்கு ஆடத் தெரியுமா, தெரியாதான்னு எனக்கே தெரியல. அதக்கூட எங்கிட்டேருந்து எடுத்துட்டியே!"

பெரியவள் நீட்டிய கையை அவள் தட்டிவிட்டாள். வெள்ளைச் சட்டைக் கையில் ஐந்து விரலும் கருப்பாகப் பதிந்தன.

"உனக்குத் தெரியாதா?" என்று சின்னவளிடம் கேட்டார் அத்தை. குரல் உயரவில்லை. "வலது ஓரத்துல நின்னா இடது ஓரம் நல்லாத் தெரியும். உன்னச் சுத்தி மூணு பேர். அந்தப் பக்கம் ஒருத்தி தனியா கை தூக்கி நிக்கிறா. ஒரு தடவயாவது 'அங்க போடு'ன்னு கத்துனியா?"

சின்னவள் கருப்புக் கையைக் கால்சட்டையில் துடைத்தாள். வெளியே ஒரு பேருந்து ரிவர்ஸ் எடுக்கும் ஓசை நீண்ட நேரம் கேட்டது.

"கத்தல" என்றாள் கடைசியில். "பந்து எனக்கு வருதேன்னு இருந்துட்டேன்."

அதன்பின் அவள் அக்காவைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்தே பேசினாள். "நாளைக்கு அவ உள்ள இருந்தா நான் வெளிய. நான் உள்ள இருந்தா அவ வெளிய. ரெண்டு பேரும் ஒண்ணா நின்னா, அவ எனக்குப் போட்டாலும் எனக்கு அருவருப்பா இருக்கும், போடலன்னாலும் அருவருப்பா இருக்கும்."

"அப்ப என்னை எடுத்துடுங்க" என்றாள் பெரியவள் உடனே. "அவ ஆடட்டும். தேர்வாளர் அவளத்தான் பார்க்க வர்றார். நான் பெஞ்சுல உட்கார்றேன். தலைவி பதவியும் வேணாம்."

அத்தை மேசைமேலிருந்த தாளைத் தட்டினார்.

"மறுபடியும் அதே பாஸ்" என்றார். "இடது பக்கம் ஒருத்தி நிக்கிறா, அவளப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. திரும்பவும் வலது பக்கமே போடுற. உனக்கு இது தியாகம்னு தோணுதுல்ல? எனக்குக் குமட்டுது."

சன்னலுக்கு வெளியே ஓர் ஓட்டுநர் தலையை நீட்டி, "மேடம், இருபத்தெட்டு கிளம்பலாமா?" என்று கேட்டார். முதன்முறையாக, அந்த எண் வண்டி எங்கே நிற்கிறது என்பது பெரியவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

மாலை நான்கு மணிக்கு டூட்டி முடித்து வந்த விசிலை, அத்தை பணிமனை வாசலிலேயே நிறுத்தினார். எந்த அலங்காரமும் இல்லாமல் நடந்ததைச் சொன்னார். பெரியவள் மூன்றடி தள்ளி நின்றாள்.

"மன்னிச்சிரு" என்றாள் பெரியவள்.

"மன்னிப்ப வச்சு நான் என்ன பண்ண?" என்றாள் விசில். "அதுல டிக்கெட் கிழிக்க முடியுமா?"

"இவள எடுத்துட்டு, பெயின்டர நடுவுல போடலாம்னு இருக்கேன்" என்றார் அத்தை. பெயின்டர் என்பது, வண்டிகளுக்கு வர்ணம் அடிக்கும் பிரிவிலிருந்து வரும் மாற்று சென்டர் ஹாஃப், யாருக்கும் உறவில்லாதவள், நிதானமாக ஆடுபவள், நெடுந்தூரப் பாஸ் அவளுக்கு வராது.

விசில் சட்டென்று திரும்பினாள். "வேணாம் அத்தை. எடுக்காதீங்க."

"ஏன்?"

"களத்துக்குக் குறுக்க, இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரத்துக்கு, மட்டைல வந்து ஒட்டுற மாதிரி பந்து போட இவங்க ஒருத்தங்களால தான் முடியும். மூணு தடவ போட்டாங்களே, அந்த மூணுல ஒண்ணுதான் நம்ம ஒரே கோல். பெயின்டரக்கா நல்லவங்க. ஆனா அவங்க போட்டா பந்து எனக்கு வர்றதுக்குள்ள நாலு பேர் வந்துருவாங்க. எனக்கு நியாயம் வேணாம். பந்து வேணும்."

"இவகிட்டேருந்தா?"

"இவங்க மூஞ்சியப் பார்க்கவே எனக்குப் பிடிக்கல" என்றாள் விசில், பெரியவள் காதுபடவே. "பந்து மூஞ்சியோட வராதே."

பெரியவள் தலை குனியவில்லை. குனிவதற்குக்கூடத் தனக்கு உரிமை இல்லை என்பதுபோல் நேராக நின்றாள்.

"நீ வருவியா?" என்று அத்தை கேட்டார்.

"காலையில சொல்றேன்." அவள் பணப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

ஐந்து மணிக்கு அத்தை கிடங்கிற்குத் திரும்பினார். மடிக்கணினி இருந்தது, ஆட்டப் படம் பதிந்த சிறு மெமரி அட்டை அதில் இல்லை. அண்ணனின் தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது. வீட்டில் கேட்டதற்கு, மத்தியானமே கிளம்பிவிட்டார் என்று பதில் வந்தது. எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை. தேர்வாளருக்குப் படத்தை வெட்டாமல் முழுமையாகத் தருவது என்று அத்தை தீர்மானித்திருந்தார். தருவதற்குப் படம் இப்போது அவர் கையில் இல்லை.

தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. அவர் மேசையைத் துடைத்து, வெள்ளைத் தாளை நேராக வைத்து, பட்டியலை எழுதினார். சகோதரிகள் இருவரும் எதிரே நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

எழுதப்பட்டது இதுதான். ஆட்டத்தின் நான்கு குவார்ட்டர்களில் முதல் மூன்றிலும் பெரியவள் சென்டர் ஹாஃபாக ஆடுவாள். அணித்தலைவி பொறுப்பு அவளிடமிருந்து எடுக்கப்பட்டு, கோல்கீப்பரிடம் தரப்பட்டது. விசில் இடது விங்கில் தொடங்குவாள். அவள் வராவிட்டால் அந்த இடத்தில் சின்னவளை இறக்குவதில்லை. சின்னவள் முதல் மூன்று குவார்ட்டர்களும் வெளியே இருப்பாள். நான்காவது குவார்ட்டரில் பெரியவள் வெளியேறுவாள். பெயின்டர் நடுவில் வருவாள். சின்னவள் உள்ளே போவாள். அக்காளும் தங்கையும் ஒரு நிமிடமும் சேர்ந்து களத்தில் நிற்க மாட்டார்கள். தேர்வாளர் சின்னவளைப் பார்க்கப் பதினைந்து நிமிடங்கள் இருக்கும். அந்தப் பதினைந்து நிமிடங்களில் எத்தனை பந்து வருகிறதோ, அத்தனை மட்டுமே வரும்.

சின்னவள் அதைப் படித்துவிட்டு, "சரி" என்றாள். பெரியவளிடம் சம்மதம் கேட்கப்படவில்லை. ஐந்து ஐம்பதுக்கு அத்தை கையெழுத்திட்டார். ஆறு மணிக்கு நான்கு நிமிடம் இருக்கையில் பட்டியல் அமைப்பாளர் அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டது.